பலி என்ற சொல்லும் இரண்டு கோடியே எழுபது லட்சம் பேரும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் 'சோவியத் நாடு' பத்திரிகையைத்தான் அட்டை போடுவோம். வழவழப்பான தாள், லேசில் கிழியாது. கணக்கு நோட்டின் மேல் கோதுமை வயல். வரலாற்று நோட்டின் மேல் நெஞ்சு கொள்ளாத பதக்கங்களோடு ஒரு கிழவர், கையில் பூங்கொத்து, பக்கத்தில் பேத்தி. அவர் யார், எங்கே சண்டை போட்டார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பிறகு நியூ செஞ்சுரியின் புத்தக வேன் ஊருக்கு வந்தபோது, பூ. சோமசுந்தரத்தின் தமிழில் 'உண்மை மனிதனின் கதை'யும் 'அதிகாலையின் அமைதியில்' குறுநாவலும் கைக்குக் கிடைத்தன. கால்களை இழந்த விமானி மறுபடி விமானம் ஓட்டியதையும், ஐந்து பெண்கள் ஒரு காட்டுக்குள் ஒவ்வொருவராகச் செத்துப்போனதையும் (ஜனநாதனின் 'பேராண்மை'யாக 2009இல் திரைக்கு வந்தது இந்தக் கதையைத் தழுவித்தான்) படித்துத்தான் நம்மில் ஒரு தலைமுறை பாசிசம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடனை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஹிட்லரின் படை உடைந்தது கிழக்குப் போர்முனையில்தான். ஜெர்மன் ராணுவத்தின் சாவுகளில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்ந்தது. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முன்பே ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க் இரண்டும் முடிந்துவிட்டன. ஹாலிவுட் படங்களில் போரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமலிருக்கலாம். நமக்குத் தெரியும். நம்முடைய கோளாறு வேறு மாதிரியானது. நமக்குத் தெரிந்ததெல்லாம் வழவழத் தாளில் அச்சாகி வந்தது.

இரண்டு கோடியே எழுபது லட்சம் பேர் செத்தார்கள் என்று மேடையில் சொல்கிறோமே, இந்த எண்ணை யார் சொன்னது? எப்போது சொன்னது? அதற்குள் யார் யார் சேர்த்தி?

*

1946 மார்ச்சில், சர்ச்சிலின் ஃபுல்டன் பேச்சுக்குப் பதிலாக பிராவ்தாவுக்குக் கொடுத்த பேட்டியில் ஸ்டாலின் சொன்ன கணக்கு சுமார் 70 லட்சம். 1961இல் ஸ்வீடன் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் குருஷேவ் அதை இரண்டு கோடி ஆக்கினார். 1965இல் பிரெஷ்நேவ் 'இரண்டு கோடிக்கும் மேல்' என்றார். நாம் பாடப்புத்தகம் போல் ஒப்பித்தது இதைத்தான். 1990 மே 8ஆம் தேதி கோர்பசேவ் ஏறத்தாழ இரண்டு கோடியே எழுபது லட்சம் என்று அறிவித்தார். மக்கள்தொகை ஆய்வாளர்கள் போட்ட கணக்கு 2 கோடியே 66 லட்சம்.

ஆக, போர் முடிந்த பிறகு, ஒரு குண்டுகூட வெடிக்காத நாற்பத்துநான்கு ஆண்டுகளில், சோவியத் நாட்டில் இரண்டு கோடிப் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள்!

இதைத் தகவல் பற்றாக்குறை என்று மட்டும் பார்ப்பது அப்பாவித்தனம். பெரிய எண்ணைச் சொன்னால் அடுத்த கேள்வி 'ஏன் இத்தனை பேர்?' என்று வரும். 1937-38இல் சொந்த ராணுவத்தின் தளபதிகளையே ஒழித்துக்கட்டியது யார்? படையெடுப்பு வரப்போகிறது என்று வந்த எச்சரிக்கைகளை நம்பாமல் விட்டது யார்? 1941 கோடையில் லட்சக்கணக்கான வீரர்கள் வளைக்கப்படும்வரை பின்வாங்க அனுமதி மறுத்தது யார்? எழுபது லட்சம் என்ற எண் இந்தக் கேள்விகளைப் பூட்டிவைத்த பூட்டு. குருஷேவுக்கோ பெரிய எண் தேவைப்பட்டது; செத்துப்போன ஸ்டாலின் மேல் பழியும் போடலாம், சமாதானப் பேச்சுவார்த்தையில் மேலை நாடுகளுக்கு முன் எடுத்தும் வைக்கலாம். ஒவ்வொரு ஆட்சியும் தனக்குத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் பிணங்களை ஒத்துக்கொண்டது.

ராணுவத் தரப்பு 1993இல் வெளியிட்ட கணக்கின்படி மடிந்த படையினர் சுமார் 87 லட்சம். இது குறைவு, இன்னும் பல லட்சம் கூட்ட வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் துப்பாக்கியே ஏந்தாமல் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். வரலாற்று நோட்டின் அட்டையில் நாம் பார்த்தது பதக்கக் கிழவரைத்தான். இந்த ஒரு கோடி அட்டைக்கு வரவே இல்லை.

*

ரஷ்ய மொழியில் 'ஜேர்த்வா' என்றொரு சொல். தெய்வத்துக்குக் கொடுக்கிற பலியும் அதுதான், விபத்தில் மாண்டவரும் அதுதான், தியாகமும் அதுதான். தமிழ் வாசகருக்கு இது விளங்காத சங்கதி அல்ல. நம்முடைய 'பலி'யும் அப்படித்தானே. பலி கொடுத்தான், பலி ஆனான், பலி வாங்கினான், பலியிட்டான். பெயர்ச்சொல் ஒன்று, வினைச்சொல் மாறினால் குற்றவாளியும் பூசாரியும் இடம் மாறிவிடுவார்கள். ஆடு பலி கொடுப்பதில்லை.

'தியாகம்' இந்தக் குழப்பத்தை நீக்கிவிடுகிற, சுத்தமான சொல். கொடுத்தவர் உண்டு, மனமுவந்து கொடுத்தார், கொடுக்கத்தக்க ஒன்றுக்காகக் கொடுத்தார். தேச அரசுகள் எழுப்புகிற நினைவுச் சின்னங்கள் அத்தனையும் செய்வது ஒரே வேலைதான்: பலியைத் தியாகமாக மொழிபெயர்ப்பது. கூட்டு நினைவு பற்றி 1925இல் எழுதிய பிரெஞ்சு சமூகவியலாளர் மாரிஸ் ஹால்ப்வாக்ஸ், நினைவு தனிமனித மண்டைக்குள் தானாகத் தங்கியிருப்பதில்லை, குடும்பம், வர்க்கம், சமயம் போன்ற சமூகச் சட்டகங்களில்தான் நிற்கிறது என்றார். அப்படியானால் சட்டகத்துக்குள் அடங்காத சாவு என்ன ஆகும்? ஹால்ப்வாக்ஸே 1945 மார்ச்சில் புக்கன்வால்ட் நாஜி முகாமில் நோயில் செத்தார்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனமுவந்து கொடுத்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1941 ஜூலையில் லெனின்கிராடில் மட்டும் தொழிலாளர்கள், மாணவர்கள், இசைக்கலைஞர்கள் என்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமாகவே மக்கள் படையில் பெயர் கொடுத்தார்கள். போதிய பயிற்சியும் இல்லை, போதிய துப்பாக்கியும் இல்லை. அவர்கள் கொடுத்தார்கள் என்பது உண்மை. அதே நேரத்தில் அவர்கள் கொடுக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஒரே உடம்பில் இரண்டும் நிகழ்ந்தன. அரசு முதல் வாக்கியத்தை மட்டும் கல்லில் வெட்டுகிறது. அரசின் எதிரிகள் இரண்டாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

*

லெனின்கிராட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள் முற்றுகை. 1941 நவம்பர் 20இலிருந்து டிசம்பர் 25 வரை ரொட்டிப் பங்கீடு மிகவும் கீழிறங்கியது. தொழிலாளிக்கு நாளைக்கு 250 கிராம். அலுவலகப் பணியாளர், குழந்தைகள், 'சார்ந்திருப்போர்' ஆகியோருக்கு 125 கிராம். அந்த ரொட்டியும் முழுக்க மாவு அல்ல. மரக்கூழும் புண்ணாக்கும் சேர்ந்தது. 'சார்ந்திருப்போர்' யார்? கிழவிகள், வீட்டுப் பெண்கள். வரிசையில் மணிக்கணக்கில் நின்று ரொட்டி வாங்கி, நேவா நதியின் பனியை உடைத்துத் தண்ணீர் தூக்கி, பிணத்தைச் சறுக்குவண்டியில் இழுத்துச் சென்றவர்கள். அவர்கள் செய்தது உழைப்பு என்று பங்கீட்டு அட்டைக்குத் தெரியவில்லை. பெண்ணின் வீட்டுழைப்பைக் கணக்கில் எடுக்காத பழக்கம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் அங்கே அந்தக் கணக்கின் விலை உயிர்.

நியூரம்பர்க் விசாரணையில் வைக்கப்பட்ட முற்றுகைச் சாவுக் கணக்கு 6,32,253. பிற்கால ஆய்வாளர்கள் எட்டு லட்சம், பத்து லட்சம் என்கிறார்கள்.

இந்த நகரத்து மக்கள் தங்கள் நினைவுக்குத் தாங்களே ஓர் இடம் உண்டாக்கினார்கள். முற்றுகை முடிந்த கையோடு தொடங்கிய கண்காட்சி 1946 ஜனவரியில் 'லெனின்கிராட் பாதுகாப்பு அருங்காட்சியகம்' ஆயிற்று. பங்கீட்டு அட்டைகள், ரொட்டித் துண்டு, நாட்குறிப்புகள், உடைந்த பீரங்கிகள். 1949இல் அதை மூடினார்கள். 'லெனின்கிராட் வழக்கு' என்று பெயர் சூட்டி அந்நகரின் கட்சித் தலைவர்களைக் கைது செய்து, 1950 அக்டோபரில் சுட்டுக்கொன்ற காலம் அது. அருங்காட்சியகத்தின் இயக்குநரும் கைதானார். மாஸ்கோவின் தலைமை இல்லாமல் ஒரு நகரம் தானே தாங்கி நின்றது என்ற தோற்றம் வந்துவிட்டதாம்! 1953இல் அருங்காட்சியகம் அடியோடு கலைக்கப்பட்டது. மறுபடி திறக்க 1989 ஆக வேண்டியிருந்தது.

இடையில் 1960 மே 9ஆம் தேதி பிஸ்கர்யோவ் கல்லறை நினைவகம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் பெரும்பெரும் குழிகளில் புதைக்கப்பட்ட இடம். குழியின் மேல் ஆண்டு மட்டும் பொறித்த கல். சுவரில் கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸின் வரிகள். எதுவும் மறக்கப்படவில்லை என்கிற பொருளில் அவர் எழுதியது பின்னாளில் நாடு முழுக்க அரசு விழாக்களின் முழக்கமாயிற்று. பெர்கோல்ட்ஸ் யார்? 1938 டிசம்பரில் கைதாகிச் சிறையில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர். முற்றுகையின்போது பசியோடு வானொலியில் பேசி நகரத்தை உயிரோடு வைத்தவர். தன் நாட்குறிப்பை ஒளித்து வைத்திருந்தவர். எதுவும் மறக்கப்படாது என்று எழுதியவருக்குத்தான் எவையெல்லாம் மறக்கடிக்கப்பட்டன என்று நன்றாகத் தெரியும். முழக்கமாக மாறிய பிறகு அந்த வரியில் அவர் இல்லை.

*

சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பட்டியல் நீளம். போர்க்கைதிகளிலிருந்து தொடங்கலாம்.

1941 ஆகஸ்ட் 16இன் 270ஆம் எண் ஆணைப்படி சரணடைகிற அதிகாரி ஓடுகாலி. அவர் குடும்பம் கைதுக்குரியது. சரணடைந்த சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை கிடையாது. ஸ்டாலினின் சொந்த மகன் யாக்கோவ் அந்த ஜூலையில் பிடிபட்டபோது மருமகள் சிறைக்குப் போனார். போர் முழுவதிலும் ஜெர்மானியரிடம் சிக்கிய சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 33 லட்சம் பேர் முள்வேலிக்குள் பட்டினியிலும் குளிரிலும் நோயிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். யூத இனக்கொலையை அடுத்து நாஜிகள் செய்த மிகப் பெரிய கூட்டக்கொலைகளில் ஒன்று இது. சோவியத் நினைவில் இதற்கு ஒரு நாள் கிடையாது, ஒரு பெரிய சிலை கிடையாது. பிழைத்து வந்தவர்கள் விசாரணை முகாம்களைக் கடந்தார்கள். பலர் அங்கிருந்து கட்டாய உழைப்புக்குப் போனார்கள். அதன் பிறகும் வேலைக்கான படிவங்களில், நீயோ உன் உறவினரோ எதிரியிடம் கைதியாக இருந்ததுண்டா என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. ரஷ்யாவில் அவர்களுடைய உரிமைகளை மீட்டுத் தரும் ஆணை வந்தது 1995இல், போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து.

ஷோலகவ் 1956இன் கடைசி நாளில் பிராவ்தாவில் தொடங்கிய 'ஒரு மனிதனின் விதி' கதை கைதியை மனிதனாகக் காட்டியது, உண்மைதான். ஆனால் கவனியுங்கள்: அந்தக் கதாநாயகன் தப்பி வரும்போது ஒரு ஜெர்மன் மேஜரையும் வாரிக்கட்டிக்கொண்டு வருகிறான். சும்மா உயிரோடு வந்தால் போதாது. மன்னிப்புக்கு ஏதாவது கையில் கொண்டுவர வேண்டும்.

கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாட்களில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றதாக ஜெர்மானியரே கணக்கு எழுதி வைத்தார்கள். சோவியத் விசாரணைக் குழுவின் அறிக்கை அச்சுக்குப் போகும் முன், 'யூதர்கள்' என்றிருந்த இடம் 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்று திருத்தப்பட்டது. எரன்பர்க்கும் கிராஸ்மனும் தொகுத்த, யூதக் கொலைகளின் சாட்சியமான 'கறுப்புப் புத்தகம்' அச்சுக்கோத்த நிலையில் 1948இல் அழிக்கப்பட்டது. 1976இல் பாபி யாரில் எழுந்த நினைவுச் சின்னத்திலும் யூதர் என்ற சொல் இல்லை. எல்லோரும் சமம் என்கிற சொல்லாடல் ஒருவர் எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை அழித்துவிடும். இங்கே சாதியைப் பேசினால் வர்க்க ஒற்றுமை கெடும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செச்சென், இங்குஷ் மக்களை 1944 பிப்ரவரி 23 அன்று, செஞ்சேனை நாளன்றே, ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தினார்கள். மே 18இல் கிரிமியத் தாத்தார்கள், ஏறக்குறைய 1,90,000 பேர். அவர்களுடைய ஆண்கள் அப்போதும் செஞ்சேனைச் சீருடையில் போர்முனையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

*

இனி பெண்கள். செஞ்சேனையில் எட்டிலிருந்து பத்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். மருத்துவத் தாதிகள் மட்டுமல்ல. விமானிகள், குறிபார்த்துச் சுடுபவர்கள், டாங்கி ஓட்டுநர்கள். 1945 ஜூலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களிடம் பேசிய காலினின், ஊருக்குப் போய் உங்கள் சேவையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாதீர்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'போர்க்களப் பெண்டாட்டி'. ஆண் பதக்கத்தை மாட்டினான், பெண் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெலாரஸின் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய் அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். 1983இல் முடித்த 'போரின் பெண்மையற்ற முகம்' இரண்டாண்டு கிடப்பில் கிடந்து, 1985இல் வெட்டுகளோடு புத்தகமானது. பின்னாளைய பதிப்பில் தணிக்கையாளர் வெட்டியதையும், தானே பயந்து வெட்டியதையும் அவர் சேர்த்தார். இரண்டாவது வெட்டுதான் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டியது. தணிக்கையாளன் வாசலில் மட்டும் நிற்பதில்லை.

அவருக்கு வழி காட்டியவர் அலெஸ் ஆதமோவிச். சிறுவனாகக் கெரில்லாப் படையில் இருந்தவர். எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்களில் பிழைத்தவர்களின் பேச்சை 1970களில் இரு தோழர்களோடு சேர்ந்து பதிவு செய்தார். பிறகு தானீல் கிரானினோடு லெனின்கிராட் முற்றுகைச் சாட்சியங்களைத் தொகுத்தார். பெலாரஸின் கதின் கிராமத்தில் 1943 மார்ச் 22 அன்று 149 பேரைக் கொட்டகையில் அடைத்து எரித்தார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். 1969இல் அங்கே மிக உருக்கமான நினைவகம் எழுந்தது. எரிந்த ஒவ்வொரு வீட்டின் இடத்திலும் புகைபோக்கி வடிவக் கம்பம், அதில் மணி. எரித்த கூட்டத்தில் ஜெர்மானியரோடு உள்நாட்டு ஆட்களைக் கொண்ட 118ஆம் துணைப் படையும் இருந்தது என்பதை மட்டும் மணி சொல்லவில்லை. அந்தப் படையின் அதிகாரி ஒருவர் மீதான வழக்கு 1986இல் மூடிய அறையில் நடந்தது.

*

வெற்றி நாளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மே 9 விடுமுறை 1947 டிசம்பரில் ரத்தாகி, 1948இலிருந்து அது வேலைநாள் ஆயிற்று. அதே 1948இல் பதக்கம் பெற்றவர்களுக்கான மாதத் தொகையும் நின்றது. ஸ்டாலினுக்கு உயிரோடு இருக்கிற வீரர்கள் தொந்தரவு. நேரில் பார்த்தவர்கள், கேள்வி கேட்கக்கூடியவர்கள். இருபதாண்டு கழித்து, 1965இல் பிரெஷ்நேவ் விடுமுறையையும் அணிவகுப்பையும் மீட்டார். 1967இல் கிரெம்ளின் சுவரோரம் 'பெயரறியா வீரன்' கல்லறையில் அணையாச் சுடர் ஏற்றினார். புரட்சி பழசாகிவிட்டது, கம்யூனிசம் வந்தபாடில்லை. ஆட்சிக்கு மிஞ்சிய ஒரே மூலதனம் வெற்றி. பிரெஷ்நேவ் தன் போர் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டு அதற்கு இலக்கியத்துக்கான லெனின் பரிசையும் வாங்கிக்கொண்டது தனிக் கூத்து. அதே நாட்டில் 1961இல் ரகசியப் போலீஸ் பறித்துக்கொண்டு போன கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவல் அங்கே அச்சாக 1988 ஆயிற்று. நம் நோட்டு அட்டைக்கு வந்து சேர்ந்த கிழவர் இந்த பிரெஷ்நேவ் காலத்து உற்பத்தி.

2012 மே 9இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் உள்ளூர்த் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர்கள் மூவர் வேறொன்றைத் தொடங்கினார்கள். உயிரோடிருக்கும் வீரர்கள் குறைந்துபோனார்கள்; அதனால் ஒவ்வொருவரும் தன் வீட்டுத் தாத்தா பாட்டியின் படத்தை ஏந்தி நடக்கட்டும். பெயர் 'அழியாப் படையணி'. கட்சிக் கொடி கூடாது, விளம்பரம் கூடாது, அரசு சார்பு கூடாது என்று விதி எழுதினார்கள். மிக நல்ல யோசனை. பெயரறியா ஒற்றை வீரனுக்குப் பதிலாகப் பெயருள்ள ஆயிரக்கணக்கான முகங்கள். கைதியாய்ப் போனவரும், 'காணாமல் போனார்' என்று ஒற்றை வரித் தாள் வந்தவரும், சமையல்காரராய் இருந்தவரும் அதில் நடக்கலாம். ஊர் ஊராகப் பரவியது. சும்மா விடுவார்களா? 2015இல் அரசு ஆதரவோடு இன்னொரு அமைப்பு முளைத்தது. மாஸ்கோவில் லட்சக்கணக்கானோர் நடந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் புதின் தன் தந்தையின் படத்தோடு நடந்தார். தொடங்கிவைத்த பத்திரிகையாளர்களின் தொலைக்காட்சி நிலையம் அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஒளிபரப்பை இழந்திருந்தது.

பிறகு சட்டம் வந்தது. போரில் சோவியத் ஒன்றியத்தின் செயல்களைப் பற்றிப் 'பொய்' பரப்புவது 2014இலிருந்து குற்றம். 'வரலாற்று உண்மையைப் பாதுகாப்பது' 2020இல் அரசியல் சட்டத்திலேயே ஏறியது. ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் மாண்டவர்களின் பெயர்களைச் சேகரித்துவந்த 'மெமோரியல்' அமைப்பை 2021 டிசம்பர் 28இல் உச்சநீதிமன்றம் கலைத்தது. இரண்டே மாதத்தில், 2022 பிப்ரவரி 24 அன்று, 'நாஜிகளை ஒழிக்க' என்று சொல்லி உக்ரைன் மீது படை நுழைந்தது. மார்ச் முதல் தேதி கீவ் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கிய ஏவுகணை விழுந்தது பாபி யாரை ஒட்டி. மார்ச் 18இல் கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் செத்தவர்களில் ஒருவர் 96 வயதுக் கிழவர். புக்கன்வால்ட் உட்பட நான்கு நாஜி முகாம்களில் பிழைத்து வந்தவர்.

*

மே 9ஐ ஒட்டி நடந்த ஒரு சிறு கூட்டத்தில் இதையெல்லாம் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். 'இப்ப இதைப் பேசினா யாருக்குய்யா லாபம்? நேட்டோக்காரனுக்குத்தானே?' என்றார். நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் நாஜிசமும் செஞ்சேனையும் ஒன்றுதான் என்று வரலாற்றைத் திருத்துகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். உக்ரைன் 2023இல் மே 9ஐக் கைவிட்டு மே 8ஐ நினைவு நாளாக்கியது அவர்கள் உரிமை; ஆனால் யூதர்களையும் போலந்துக்காரர்களையும் கொன்ற தேசியவாதப் படைகளின் தலைவர்களுக்கு அங்கே சிலை வைப்பதையும் நாம் பார்க்காமலிருக்க முடியாது. அதுவும் பலியைத் தியாகமாக்கும் அதே மொழிபெயர்ப்புப் பட்டறைதான்.

நான் அவருக்குச் சொன்ன பதில் இது. 'தோழர், அந்த இரண்டு கோடியே எழுபது லட்சத்தில் லட்சக்கணக்கானோர் உக்ரைனியர், பெலாரஸ்காரர், யூதர், உஸ்பெக், தாத்தார், ஜார்ஜியர். அவங்க சாவைப் பத்திரமா வெச்சிருக்கேன்னு ஒரு கிரெம்ளின் சொன்னா, நாம் ஏன் நம்பணும்? 1946இல் அதே கிரெம்ளின்தானே இரண்டு கோடிப் பேரை ஒளிச்சு வெச்சது?' அவர் சமாதானமாகவில்லை. 'நீ சொல்றது சரியா இருக்கலாம், ஆனா நேரம் சரியில்லே' என்றார். நேரம் எப்போது சரியாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

அவருக்குச் சொல்ல நினைத்து விட்டுப்போன சங்கதி ஒன்று உண்டு. லெனின்கிராட் முற்றுகையை உடைக்க 1942 ஜனவரியில் வோல்ஹவ் ஆற்றைக் கடந்து போன படைகளில் ஒன்று இரண்டாம் அதிர்ச்சிப் படை. சதுப்புக் காட்டில் வளைக்கப்பட்டு, குதிரைத் தோலையும் மரப்பட்டையையும் தின்று, ஜூனில் அழிந்தது. அதன் கடைசித் தளபதி விலாசவ் ஜூலையில் பிடிபட்டு ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துகொண்டார். அவ்வளவுதான். அவர் துரோகியானதால் அவர் படையில் செத்த பல்லாயிரம் பேரும் பேசக்கூடாதவர்கள் ஆனார்கள். மியாஸ்னோய் போர் என்கிற ரயில் நிலையத்தை ஒட்டிய காட்டில் எலும்புகள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. போருக்குப் பின் அங்கே குடிவந்த நிக்கலாய் ஓர்லோவ் என்ற ரயில்வே ஊழியர் யாருடைய உத்தரவும் இல்லாமல் காட்டுக்குள் போய்த் தேடத் தொடங்கினார். கண்ணிவெடிகளுக்கு நடுவே தேடியது எலும்பை மட்டுமல்ல, குப்பிகளை. 1980இல் அவர் இறந்த பிறகும் தன்னார்வலர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்; அவருடைய நினைவாகவே ஒரு தேடல் இயக்கம் உண்டாயிற்று.

சிப்பாய் ஒவ்வொருவருக்கும் விரலளவு எபோனைட் குப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். திருகு மூடி. உள்ளே சுருட்டிய தாளில் பெயர், ஊர், வீட்டு முகவரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் சாவு நிச்சயம் என்ற நம்பிக்கையில் பலர் எழுதவில்லை. சிலர் குப்பியில் தையல் ஊசி வைத்துக்கொண்டார்கள். 1942 நவம்பரில் அரசு குப்பியையே நிறுத்திவிட்டது. இன்று கிடைக்கும் குப்பிகளில் ஈரம் ஏறி ஒட்டிப்போன தாளை ஊசி முனையால் மெல்ல மெல்லப் பிரிக்கிறார்கள். பெயர் இருந்தால் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, எலும்பை ஊருக்கு அனுப்புகிறார்கள். பல தாள்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த எலும்புகளையும் மற்றவர்களோடு சேர்த்துச் சிறுசிறு பெட்டிகளில் வைத்துப் புதைக்கிறார்கள். ரஷ்யரா, உக்ரைனியரா, கசாக்கா, யூதரா என்று தெரியாது. தானாக வந்தவரா, பிடித்து அனுப்பப்பட்டவரா என்றும் தெரியாது.